நலமுள்ளோர் பட்டியல்

குலசேகரத்தில் துணி காயும் கொடியிலேயே
ரப்பர் ஷீட்டும் காய்கிறது,
புளித்த பாலும் ஆசிடும் கலந்த மணத்தோடு.
ஊர்க்காரர்களுக்கு அது மணமே இல்லை.
எங்கள் கருவிக்கோ
முதல் ஆறு மாதத் தலைவலி.

தேனீயின் உணர்கொம்பில் ஒரு புரதம்.
மணத்தின் துணுக்கு வந்து உட்கார
அதன் மடியில் ஓர் இடம் உண்டு.
அதைப் பாக்டீரியாவிடம் கொடுத்து வளர்த்து,
தங்கம் பூசிய சில்லில் ஒட்டி,
நாகர்கோவில் ஆய்வகத்தின் இரண்டாம் மாடியில்
மூக்கு என்று பெயரிட்டு வைத்திருக்கிறோம்.
தும்மாது. சளி பிடிக்காது.
கரண்ட் போய் வந்தால் மட்டும்
ஒருமணி நேரம் பிதற்றும்.

நுரையீரலில் ஒரு செல் தடம் மாறினால்
இருமலுக்கு முன்னாலேயே
மூச்சில் ஏதோ மாறுகிறது என்கிறார்கள்.
அந்த 'என்கிறார்கள்' என்பதை அழித்துவிட்டு
'கண்டோம்' என்று எழுதத்தான்
இத்தனை பை, இத்தனை பேர் மூச்சு.

நோயுள்ளோர் பட்டியல் எளிதில் கிடைத்தது.
நலமுள்ளோருக்குத்தான் அலைச்சல்.
"நல்லா இருக்கவன எதுக்கு ஊதச் சொல்லுதிய,
நீங்க போலீசா?" என்று கேட்டுவிட்டு
முந்தின இரவு குடித்தவர்கள்
முதலில் நழுவினார்கள்.

ஆள் குறைந்த ஒருநாள்
ஜீப் ஓட்டும் ரசலையன் தானே பையை வாங்கினார்.
நாற்பத்தாறு வயது. பீடி கிடையாது.
சபைப் பாட்டுக்குழுவில் அடிக்குரல் அவருடையது.
ஒரே ஊதில் பை தலையணையாகிவிட்டது.
"பாத்தியளா மேடம், இது மூச்சில்ல, ஆரல்வாய்மொழிக் காத்தாக்கும்."

எண் பதினேழு.

கோடு ஏறியது,
ஏறக்கூடாத பட்டியலில்.
சில்லை மாற்றினேன். ஏறியது.
முந்தின நாள் எங்கே போனார் என்று விசாரித்தேன்:
மச்சினன் வீட்டுப் புகைப்புரையில் ஷீட் அடுக்க.
அதுதான், அதேதான் என்றேன்
ஆளில்லாத அறையில், சத்தமாக.
பை ஓட்டை என்று பொய் சொல்லி
நான்கு நாள் கழித்து மறுபடி ஊதவைத்தேன்.
ஏறியது, கொஞ்சம் குறைவாக.
அந்தக் கொஞ்சத்துக்குப் புள்ளியியலில் ஒரு பெயர் இருக்கிறது.
என் வயிற்றுக்கு அது தெரியவில்லை.

கருவி நிரூபணமாகும்வரை
எவருக்கும் முடிவைச் சொல்லக்கூடாது.
விதி எழுதிய குழுவில் நானும் இருந்தேன்.
ஒன்றுமில்லாத மனிதனை ஒரு பொய்க்கோடு
எப்படி அரித்துத் தின்னும் என்று
பருப்புவடை தின்றபடி விளக்கியிருக்கிறேன்.

குழு கூடப் பன்னிரண்டு நாள் ஆயிற்று.
'பொதுவான பரிசோதனைக்குப் போகச் சொல்லலாம்'
என்று ஒரு வரி வந்தது.
அந்த வரியை அப்படியே
திருவட்டாறு பாலத்தில் ஒப்பித்தேன்.
அவர் கியரை இறக்கினார்.
எதிரே வந்த கல்லாரிக்கு வழி விட்டார்.
"பதினேழு நானாக்கும், இல்லியா?"
பிறகு, வெகுநேரம் கழித்து, அழகியமண்டபத்தில்:
"எனக்க மூச்சுல என்ன மணம் மேடம் அடிச்சுது?"

எனக்குத் தெரியாது.
எண் தெரியும், கோட்டின் உயரம் தெரியும்.
அந்த மடியில் வந்து உட்கார்ந்தது
பூவா, புகையா, பெயரிடாத வேறொன்றா,
எந்தத் தேனீயும் எனக்குச் சொன்னதில்லை.

ஆசாரிப்பள்ளத்தில் ஸ்கேன் எடுத்தார்கள்.
ஏழு மில்லிமீட்டர் புள்ளி.
வடுவாகவும் இருக்கலாம் என்றார் மருத்துவர்,
மூன்று மாதம் கழித்துப் பார்ப்போம்.
அத்தனை பெரிய இயந்திரமும்
எங்கள் மூக்கைப் போலவே
'லாம்' என்று முடித்தது.

பட்டியலில் பதினேழை என்ன செய்வது என்று
குழு இன்னும் சொல்லவில்லை.
ஜீப் ஓடுகிறது. ஞாயிறுதோறும் பாடுகிறார்,
முன்னைவிடச் சத்தமாக என்று அவர் மனைவி சொன்னார்.
யாரும் கேட்காமலேயே
திங்கள் காலை ஒரு பையை ஊதி
வாயைத் திருகி, என் கையில் வைக்கிறார்:
"சூடு ஆறதுக்குள்ள கொண்டு போங்க."