மேலே பார்க்கிறவர்கள்

சனிக்கோளுக்குப் பின்னாலிருந்து
நீண்டிருக்கும் அந்த முழங்கை என்னுடையது.
முகம் படத்தில் விழவில்லை. நல்லதாய்ப் போயிற்று,
தலை வாரி மூன்று நாளாகியிருந்தது.
வளையத்தின் ஓரமாக இருப்பது நிலவல்ல,
பர்கிஸ் குடித்துவிட்டு வைத்த தேநீர்க் கோப்பை.

ஸ்லௌ தொழிற்பேட்டை, அறுபத்தொன்பது பிப்ரவரி.
தகரக் கூரை. எட்டுப் பேருக்கு ஒரே மண்ணெண்ணெய்க் கணப்பு.
காற்று திசை மாறினால்
செவ்வாயின் பெயர் வைத்த மிட்டாய் ஆலையிலிருந்து
காய்ச்சிய சாக்லேட்டின் வாசம் புறப்பட்டு வந்து
அண்டவெளியை அடைத்துக்கொள்ளும்.
வெற்றிடத்துக்கு மணமில்லை என்பார்கள்.
என்னைக் கேட்டால், உண்டு.

கறுப்படித்த பலகையில் ஊசியால் துளைத்த ஓட்டைகள்,
பின்னால் நாற்பது வாட் பல்புகள்:
அவைதாம் விண்மீன்கள்.
வெளியே பால் லாரி போனால்
பால்வீதி நடுங்கும்.
போகட்டும் என்று காத்திருப்போம்,
கண்களை மூடிக்கொண்டு, ஏதோ பிரார்த்தனைபோல.

கப்பலின் பெயர் விம்ப்ரல்.
உடம்பு, கழிவுநீர்க் குழாய்.
மூக்கு, எலுமிச்சை பிழியும் கிண்ணம்.
தயிர் டப்பாக்கள் இரண்டு கவிழ்ந்து எரிபொருள் தொட்டியாயின.
இடுப்பைச் சுற்றி ஒட்டியதெல்லாம்
பொம்மை டாங்கிப் பெட்டிகளில் மிஞ்சிய உதிரிகள்.
ஜெர்மன் டாங்கியின் சக்கரங்களை வரிசையாய் ஒட்டி
மூச்சுக்காற்று சுத்திகரிக்கும் யந்திரம் என்று பெயரிட்டேன்.
என் அப்பா பாலைவனத்தில்
அந்தச் சக்கரங்களை நிஜ அளவில் பார்த்தவர்.
தொலைக்காட்சிக்கு அருகே நாற்காலியை இழுத்துப் போட்டு
சற்று நேரம் உற்றுப் பார்த்தார்.
பிறகு, தேநீர் ஆறிவிட்டது என்றார்.

கம்பி பர்கிஸின் வேலை. தலைமுடியைவிட மெலிசு.
கப்பலைத் தலைகீழாகத் தொங்கவிட்டு
கேமராவையும் தலைகீழாகத் திருப்புவார்.
"கம்பியைத் தேடுகிறவன் மேலேதான் பார்ப்பான்,
கீழே எவனும் பார்ப்பதில்லை."
படச்சுருளை ஐந்து மடங்கு வேகத்தில் ஓட்டினால்
ஒரு விநாடி ஐந்தாக நீளும்,
தீக்குச்சிச் சுடர் எரிமலையாகும்.
எடை என்பது வேறொன்றுமில்லை,
மெதுவாக விழுவது.

அன்று வெடிமருந்து வைத்தவள் நான்.
இரண்டு கரண்டி கூடிப்போயிற்று.
எரிகல் மட்டும் சிதற வேண்டிய இடத்தில்
விம்ப்ரலின் இடது விலா உருகி வழிந்தது,
என் கையிலும் கொஞ்சம்.
காலை எட்டு மணிக்கு அடுத்த காட்சி.
விடிய விடியப் பூசினேன், தேய்த்தேன், சாயமடித்தேன்.
சாம்பல் நிறம் பொருந்தவில்லை.
கருகிய ரொட்டித் துண்டைப்போல ஒரு தழும்பு நின்றுவிட்டது.

அது ஒளிபரப்பான பத்தாம் நாள்
ரெக்ஸமிலிருந்து கடிதம். கெரைன்ட், வயது ஒன்பது.
"அந்தக் காயம் எந்தப் போரில் பட்டது?"

கதை எழுதும் கார்ஸைட் அதுவரை
எங்கள் கொட்டகைப் பக்கம் வந்ததே இல்லை.
கடிதத்தைக் கோட்டுப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு
தழும்பை விரலால் தடவினார்.
எப்போது நடந்தது என்றார்.
வியாழன் இரவு என்றேன்.
வேறெதுவும் கேட்கவில்லை.

பதினேழாம் பகுதி: வியாழன் முற்றுகை.
கேப்டன் சுவரோரம் நின்று,
அந்த விலாப்புறத்தில் உறங்கிக்கொண்டிருந்த
முப்பத்தொரு பேரின் பெயர்களையும் சொன்னார்,
ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல்.
இசைகூட இல்லை.
வாடகை அறையில், கால்களைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு
நானும் அழுதேன்.
இரண்டு கரண்டி கூடப் போட்டவள்.

படத்தில் முழங்கைக்குக் கீழே வெள்ளையாகத் தெரிவது பிளாஸ்திரி.
அதற்கு யாரும் கதை எழுதவில்லை.
எழுதவும் வேண்டாம்,
அரிப்பு ஒரு வாரத்தில் நின்றுவிட்டது.