நான்கு உள்ளங்கை

என் கடைக்குப் பெயர்ப்பலகை இல்லை.
மூன்று டயர்களை ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்தி
வெள்ளையடித்து வைத்திருக்கிறேன்.
காரா-பால்த்தா தாண்டிக் கணவாய் ஏறுகிறவர்களுக்கு
அது போதும்.

அதிகாலை நான்கு. மைனஸ் பதினெட்டு.
கலிஸ்பெக் கண்ணாடியை விரலளவு இறக்கி
"புருல்ச்சா, காற்று மட்டும்" என்கிறான்.
வேனுக்குள் பதினாறு பேர், கல்யாணச் சீர்,
கால் கட்டிய ஒரு கிடா.

குளிரில் காற்றும் தோளைக் குறுக்கிக்கொள்ளும்.
நேற்று மதியம் சரியாக நின்ற முள்
இன்று நாலு கோடு கீழே.
நிரப்புகிறேன். அது அவன் கேட்டது.
பிறகு டார்ச்சோடு குனிகிறேன்.

பின்சக்கரங்கள் பரவாயில்லை.
பள்ளத்தில் தீக்குச்சியை நிறுத்தினால்
தலை மூழ்கிக் கழுத்தும் மூழ்குகிறது.
முன் இடதில்
தலை வெளியே நின்று என்னையே பார்க்கிறது.
முன் வலதில் பள்ளம் ஆழம்தான்.
ஆனால் பக்கச்சுவர் முழுக்க
குதிகால் மாதிரி வெடிப்பு.
பனியைத் துடைத்து
ரப்பரில் பொறித்த நாலு இலக்கத்தைப் படிக்கிறேன்:
முப்பத்தொன்றாம் வாரம், இரண்டாயிரத்து ஒன்பது.
"உன் மூத்தவள் எந்த வருஷம்?"
"பதினொன்று."
"அப்போ இது அவளுக்கு அக்கா."

சிரிக்கிறான். "நேற்றுவரை ஓடியதே."
வெடித்த டயர் எல்லாமே
நேற்றுவரை ஓடியதுதான்.

உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தோம் என்பார்கள்
கணவாய் இறங்கியவர்கள்.
கையில் எங்கே?
ஒரு சக்கரம் சாலையைத் தொடுவது
உள்ளங்கை அகலம்.
பதினாறு பேரும் கிடாவும் மணப்பெண்ணின் பட்டு மெத்தைகளும்
நாலு உள்ளங்கைமேல் உட்கார்ந்து போகிறார்கள்.
இரண்டு நோயாளி என்று தெரிந்தபின்
நான் எப்படிப் போய்ப் படுப்பேன்?

காசில்லை என்கிறான். தெரியும்.
உள்ளே ஒரு ஜோடி இருக்கிறது,
இன்னொருவன் முன்பணம் கொடுத்து ஒதுக்கியது.
அவனுக்கு ஏதாவது பொய் சொல்லிக்கொள்ளலாம்.
ஜாக்கியை முட்டுக்கொடுக்கிறேன்.
மணப்பெண்ணின் அத்தை பனியில் காலை உதைத்தபடி
சீர் தாமதமானால் பாவம் என் தலையில்தான் என்கிறாள்.
என் தலையிலேயே இருக்கட்டும்.
போல்ட்டுகளை எதிரெதிராக இறுக்குகிறேன்.
"சுரங்கத்துக்கு முன்னால் நிறுத்தி
இன்னொரு தரம் இறுக்கிப் பார்."
தலையாட்டுகிறான். தலையாட்டுவதை
நான் கணக்கில் எடுப்பதில்லை.

எட்டாம் நாள் வந்தான்.
பாதிப் பணம், ஒரு பை உலர்தயிர் உருண்டை.
பள்ளங்களில் சிக்கிய கணவாயின் சரளையை
ஸ்க்ரூடிரைவரால் நெம்பிக்கொண்டே கேட்டேன்:
"ஸ்டெப்னியை என்றைக்காவது பார்த்தாயா?"

கலிஸ்பெக்
மலையைப் பார்த்தான்.