நார்த்தைத் தோல்

இந்த ஊரில் இந்த வண்டிக்குப் பக்கி என்று பெயர்.
திட்டுவதாக நினைக்க வேண்டாம்.
முன்னால் மூன்று பேர், பின்னால் திறந்த தொட்டி,
என் கணக்கில் அறுபது கூடை.
ஆறு வருஷத் தவணை.
வெள்ளை.
டர்பன் வெயிலுக்கு வேறு நிறம் வாங்குகிறவர்கள்
வேறு வருமானம் உள்ளவர்கள்.

ஷோரூம் விளக்கில் அது பால்.
வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோவில் வாசலில்
நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து
கற்பூரத் தட்டோடு சுற்றி வந்தபோதுதான்
கதவுக்குள் தெரிந்த சுடர்
நெளிவதைப் பார்த்தேன்.
காற்று இல்லை.
தட்டில் சுடர் நேராகத்தான் நின்றது.

"போதும்மா, சூடு படும்" என்றார் பூசாரி.
நான் கன்னத்தைக் கதவோடு வைத்து
ஒரு கண்ணை மூடி அதன் நீளத்தைப் பார்த்தேன்.
மேடு, பள்ளம், மேடு.
டெயில்கேட் விளிம்பில்
ஓடி வந்து உறைந்துபோன ஒரு சொட்டு.
பானட்டில், வழவழப்புக்கு உள்ளே,
சின்னதாக ஒரு முடி.
இமையா புருவமா தெரியவில்லை.
வெளியே இருந்தால் துடைத்திருப்பேன்.

திங்கட்கிழமை
டீலர் ஆபீஸ் நெவில் ஹார்ம்சே
டாக்டர் நெஞ்சில் வைப்பதுபோல் ஒரு கருவியை
கதவில் அங்கங்கே வைத்தார்.
நூற்றுப் பதினெட்டு. நூற்று நாலு. எண்பத்தேழு.
"எல்லாம் வரம்புக்குள்தான் மேடம்.
இதற்கு ஆரஞ்சுத் தோல் என்று பெயர்.
ஃபேக்டரி பெயின்ட் என்றால் அப்படித்தான் இருக்கும்."

ஆரஞ்சுத் தோலா?
இருபத்திரண்டு வருஷமாக
விடியாத நாலு மணிக்கு க்ளேர்வுட் மார்க்கெட்டில்
இருட்டில் தடவியே விலை சொல்கிறவள் நான்.
ஆரஞ்சு தன் தோலை லேசில் விடாது. கத்தி வேண்டும்.
இது நார்த்தை.
ஊறுகாய் நார்த்தை இல்லை, இந்த ஊர் நார்த்தை, இனிப்பு,
கட்டைவிரலை வைத்தால்
சட்டை மாதிரி கழன்று வரும்.
கடலோரம் இரண்டு வருஷம் உப்புக்காற்றில் ஓட்டினால்
எது கையோடு வரும் என்று
அவருக்கு ஒரு பழத்தை உரித்தே காட்டினேன்.
சுளையைத் தின்றார்.
"கதவை மறுபடி அடித்துத் தருகிறோம்" என்றார்.

பின்கட்டில் ஸ்ப்ரே அறை சிபோங்கிசேனி
முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
என் பக்கம் திரும்பாமலே சொன்னார்:
வேண்டாம் மா.
அங்கே வெறும் தகரமாக இருக்கும்போதே சுட்டு எடுத்தது.
அந்தச் சூட்டை இங்கே வைத்தால்
ரப்பரும் வயரும் உருகிவிடும்.
நாங்கள் அடித்தால்
நிழலில் ஒரு வெள்ளை, வெயிலில் ஒரு வெள்ளை.
உரிந்தால் வா.
இன்றைக்கு எழுதி வாங்கிக்கொண்டு போ.

எழுதி வாங்கினேன்.
பெயர்: பாக்கியம் நாயக்கர்.
குறை என்ற கட்டத்தில்
ஆரஞ்சு என்று தொடங்கிய பேனாவை நிறுத்தினேன்.
நெவில் சிரித்தார், ஆனால் அடித்துவிட்டு எழுதினார்
நார்த்தை என்று,
நடுவில் ஒரு ஜே போட்டு,
தன் வீட்டுச் சொல்லைப்போல.
எங்களிடமிருந்து போன சொல் அது.
எத்தனை கப்பல், எத்தனை வாய்,
எத்தனை பூச்சு அதன்மேல்.
உள்ளே கிடப்பது எனக்குத் தெரிகிறது.
நகத்துக்கு எட்டாது.
விட்டுவிட்டேன்.

ஐந்து வருஷம், கையெழுத்து, முத்திரை.
கூடவே தொட்டிக்கு ஒரு ரப்பர் விரிப்பு.
கேட்காமல் தரமாட்டார்கள், கேட்டேன்.

செவ்வாய், நாலு மணி, மார்க்கெட் கேட்டில் வரிசை.
முன்னால் நிற்கும் லாரியின் சிவப்பு விளக்கு
என் பானட்டில் நெளிகிறது.
முடி கிடக்கும் இடம் இருட்டிலும் தெரியும் எனக்கு.
ஷிஃப்ட் முடிகிற நேரமாக இருக்கும்,
யாரோ கண்ணைக் கசக்கியிருக்கிறார்கள்.

பின்னால் ஹாரன் அடிக்கிறான்.
போகிறேன்டா, பக்கி.