எடைமேடை அறை

புதுவயல் ரைஸ்மில்லில்
மவுஸின் வாலை எலி தின்றுவிட்டது.
சிரிக்காதீர்கள்.
இத்தனை நெல் கிடக்க
வயரைத் தேடி வந்த எலி அது.

பாட்டு பாட்டுக்கு ஓடுகிறது.
திரையில் அம்பு உறைந்து நிற்கிறது.
கறுப்புச் சன்னலைத் திறந்து
ஒரே வரி தட்டினேன்: அடுத்தது.
களத்தில் சிகப்பி பலகையைத் தூக்கி ஆட்டினாள்.
வேண்டாமாம்,
முந்தினதே வேணுமாம்.
தட்டினேன்.

நாலு மணிக்கு
லோடுமேன் சாத்தையாவுக்குப் போன்,
தேவகோட்டை ஆஸ்பத்திரியிலிருந்து.
நிறுத்து என்று தட்டினேன்.
பாய்லர் மட்டும் மூச்சு வாங்கியது.
அவித்த நெல்மேல்
எல்லாப் பலகைகளும் நின்றன.

"பொம்பளப் பிள்ளை.
ரெண்டே முக்கால் கிலோ."
எடைமேடையில் நின்றபடிதான் சொன்னார்.

மறுபடி தட்டினேன்.
விட்ட அரைச்சொல்லிலிருந்தே
பாட்டு எழுந்தது.
சத்தத்தை இருபது கூட்டினேன்,
முதலாளி வரும்வரை.