முப்பத்தொன்றாம் பக்கம்

கிடினியா துறைமுகத்தில் பிப்ரவரி.
பாரந்தூக்கிகளுக்குக் கழுத்து வரை மூடுபனி.
உயிர்காப்புப் படகின் கொக்கிக்குக்
கையேடு எழுதுகிறவள் நான்.
நூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள், ஐந்து பதிப்புகள்,
எதிலும் என் பெயர் கிடையாது.

ஆறாம் பதிப்புக்குக் காரணம்
இன்று காலை வந்த அறிக்கை.
வேறேதோ துறைமுகத்தில் ஒத்திகை.
படகு தண்ணீரைத் தொட்டது. முன்கொக்கி விட்டது.
பின்கொக்கி விடவில்லை.
அதற்குள் அலை கீழே இறங்கிவிட்டது.
ஆணியில் மாட்டிய சட்டையாக
ஒற்றைக் கொக்கியில் ஏழு பேர்.

கைப்பிடியருகே இருந்தவர் இரண்டாம் சமையல்காரர்,
ரொடேலியோ மக்பனுவா, இலொய்லோக்காரர்.
காறை எலும்பு முறிந்திருக்கிறது.
மற்றவர்களுக்குச் சிராய்ப்பு.
விசாரணையில் அவர் சொன்னதை
அப்படியே தட்டச்சு செய்திருக்கிறார்கள்:

"கையேட்டை முழுக்கப் படித்திருந்தேன்.
பதினாலாம் பக்கத்தில் சிவப்புக் கைப்பிடி.
அதை இழுத்தேன்.
முப்பத்தொன்றாம் பக்கத்தில்
'கொக்கி விடாவிட்டால்
விடுவிப்பு நெம்புகோலை இழுக்கவும்' என்றிருந்தது.
நெம்புகோலைத் தேடினேன்."

நெம்புகோல் என்று தனியாக ஒன்று இல்லை, ரொடேலியோ.
உங்கள் கை அப்போது பிடித்திருந்ததுதான் அது.

இல்லாத ஒரு பொருளைப்
படகுக்குள் வைத்தவள் நான்.
பதினொரு மொழிகளில் பெயர்த்தவர்களும்
என் இரண்டு சொற்களை
நேர்மையாக இரண்டாகவே பெயர்த்திருக்கிறார்கள்.

பள்ளியில் ஒரே சொல் இரண்டு முறை வந்தால்
சிவப்பு மையில் அடிக்கோடு விழும்.
எழுத்தின் அழுக்கு அது, எங்களுக்கு.
பதினாலில் கைப்பிடி என்று எழுதியாயிற்று,
முப்பத்தொன்றில் வேறு சொல் வேண்டியிருந்தது.
அழகுக்கு.

கடலுக்கு என்னிடம் எத்தனை சொற்கள்!
ஆழி, பரவை, புணரி, முந்நீர், வாரிதி.
ஞாயிற்றுக்கிழமைகளில் அவற்றைச் செலவழிக்கிறேன்,
யாரும் கேட்காத கவிதைகளில்.
கையேட்டில் அது தண்ணீர்.
முதல் பக்கத்தில் தண்ணீர், கடைசிப் பக்கத்திலும் தண்ணீர்.
சலிக்கட்டும்.
சலிப்பில் யாருக்கும் எலும்பு முறியாது.

மதியம் முழுக்கத் தேடினேன்.
நெம்புகோல், பிடி, விடுவிப்பான், இழுகம்பி:
அறுபத்து மூன்று இடங்கள்.
அடித்து அடித்து எழுதினேன்
கைப்பிடி, கைப்பிடி, கைப்பிடி.
ஒன்றைத் தேடப் போனால் மற்றவையும் தலைகாட்டும்.
"பூட்டு திறக்கப்பட வேண்டும்."
யாரால்? அலையாலா?
"பூட்டியிருக்கிறதா என்று சரிபார்க்கலாம்."
இந்த 'லாம்'முக்குத்தான் எத்தனை மரியாதை!
மனமிருந்தால் பாருங்கள்,
இல்லாவிட்டால் விழுந்துகொள்ளுங்கள்.
எழுபதாம் பக்கத்தில், ஆறாவது படிக்கு அடியில்,
பெட்டி கட்டி, முக்கோணம் போட்டு, ஓர் எச்சரிக்கை:
ஐந்தாவது படிக்கு முன் கையை எடுத்துவிடவும்.
செய்த பிறகு வருகிற எச்சரிக்கைக்கு
இரங்கற்குறிப்பு என்று பெயர்.

ஐந்து மணிக்கு அச்சடித்துப்
பட்டறைக்குக் கொண்டுபோனேன்.
பற்றவைக்கும் ஸ்பிலுட் மாதிரிப் படகில் ஏறினார்.
தடித்த கையுறை. விளக்குகளை அணைத்தோம்.
தாளின் மேல் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினேன்,
அவர் பேண்ட்டிலும் கொஞ்சம்.
திட்டிக்கொண்டே டார்ச்சை வாயில் கவ்விப் படித்தார்.
ஒன்று, இரண்டு, சரியாகத்தான் போனது.
மூன்றாவதில் நின்றார்.
டார்ச்சை எடுத்துவிட்டுக் கேட்டார்:
"இடப்பக்கம் என்றால் யாருடைய இடப்பக்கம்?
என்னுடையதா, படகுடையதா?
நான் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறேனே."

பதில் சொல்லாமல் மாடியேறினேன்.
'இடப்பக்கம்' என்று தேடினேன்.
நாற்பத்தேழு.

வீட்டுக்கு ஒரு செய்தி அனுப்பினேன், மகனுக்கு:
வரத் தாமதமாகும்.
அடுப்பில் சூப் இருக்கிறது.
மூடி சுடும்.
துணியால் பிடித்து
மூடியைத் திற.