முழுப்பேர்

வெள்ளிக்கிழமை எட்டாம் நம்பர் மலை.
போன வெள்ளியும் இதே மலை, இதே நிரை,
இதே செடி.
கிள்ளிய இடத்திலேயே மறுபடி துளிர் நிற்கிறது.
போன வாரந்தானே வந்தாய் என்று
எந்தச் செடியும் என்னைக் கேட்டதில்லை.
ஆகையால், ஆண்டவரே,
எனக்கும் வெட்கமில்லை.

ஏழு வருஷமாக ஒரே விண்ணப்பம்:
பெபேயாளுக்குக் காது.
பெரிதாக ஒன்றுமில்லை.
பீலியில் தண்ணீர் விழுகிற சத்தம்,
அப்புத்தளை வளைவில் பதுளை ரயில் ஊதுவது,
நான் கூப்பிட்டால் திரும்புகிற கழுத்து.

தியத்தலாவையில் எழுதிக் கொடுத்தார்கள்,
கண்டியில் மெஷின் மாட்டினார்கள்.
மழையில் நனைந்த ரேடியோ மாதிரி அது கீச்சிட்டது,
அவளைத் தவிர எல்லாருக்கும் கேட்டது.

நடுராத்திரி சிநேகிதன் கதவைத் தட்டினவனைப் பற்றி
பாஸ்டர் எப்பிராயீம் பிரசங்கம் செய்தார்.
தட்டிக்கொண்டே இருங்கள் என்றார்.
அவர் லயத்தில் இருந்ததில்லை.
இங்கே ஒரு கதவைத் தட்டினால்
பத்துக் காம்பிராவும் எழுந்து திட்டும்;
சுவர் கூரையைத் தொடாத வீடுகள்.
அதனால் நான் சத்தமில்லாமல் தட்டுகிறேன்,
மெழுகுவத்தி ஏற்றி வைத்து,
உதட்டால் மட்டும்.

சில ராத்திரி கோபம்.
அவளுக்குத்தான் கேட்காது, உமக்குமா
என்று கேட்டிருக்கிறேன்.
கேட்டுவிட்டுப் பயந்துபோய்
போர்வையை இழுத்து மூடியிருக்கிறேன்.
பிறகு குளிரோடு எழுந்து
முதலிலிருந்து.

நேற்று விடாத மழை.
மடுவத்தில் நிறுத்தபோது பதினொரு கிலோ.
கணக்கப்பிள்ளை அரைப்பேர் போட்டார்.
அட்டை கடித்த காலோடு முழங்காலிட்டேன்.
வாய் வரவில்லை.
ஒரு சொல்லும் வரவில்லை.
மெழுகு உருகி டின் மூடியில் வழிந்தது.

பக்கத்தில் அவள் வந்து முழங்காலிட்டாள்.
என் முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.
அவள் உதடு இரண்டு தரம் மூடித் திறந்தது,
நாக்கு மேலே மடிந்து நின்றது.
சத்தமில்லை. கொஞ்சம் காற்று.

பெ
பே
யாள்.

யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.
ராத்திரிதோறும் என் வாயில் பார்த்த சொல்.
அது தன் பெயரென்று அவளுக்குத் தெரியாது,
நான் ஆரம்பிக்கிற இடம் என்று தெரியும்.
அம்மா மறந்துவிட்டாள் என்று நினைத்து
எடுத்துக் கொடுத்தாள்.

அழுதேன், அதை நீர் பார்த்திருப்பீர்.
ஆனாலும் இதைப் பதில் என்று
நான் எழுதிக்கொள்ளப் போவதில்லை.
நான் கேட்டது காது.
உம்முடைய செக்ரோலில்
நேற்று எங்கள் இரண்டு பேருக்கும்
முழுப்பேர் விழுந்திருக்குமோ என்னவோ.
எனக்குக் காட்ட வேண்டாம்.

இன்றைக்குக் கூடையை இறக்கியாயிற்று.
மழை ஓடு மேல்தான் இருக்கிறது.
மெழுகுவத்தியை முகத்துக்கு இன்னும் கிட்ட
நகர்த்தி வைத்திருக்கிறேன், அவளுக்குத் தெரியட்டும் என்று.
ஆரம்பிக்கிறேன்:
பெபேயாளுக்கு.