பிடரி

ஷிஷ்லி, நான்காம் மாடி.
வருகிறவர்களை எனக்கு
முகத்தைவிடப் பிடரியால்தான் தெரியும்.

இன்று இன்யாக்கி.
பில்பாவோவில் லாரி ஓட்டுகிறாராம்.
குப்புறக் கிடந்தபடியே கேட்கிறார்:
தாடி இப்படி மண்டுகிறதே,
மேலே மட்டும் ஏன் வழித்துவிட்டாற்போல்?

இரண்டுக்கும் ஒரே ஹார்மோன்தான்.
டெஸ்டோஸ்டிரோனைத் தோலுக்குள் ஒரு நொதி
சற்றே திருத்தி எழுதுகிறது.
தாடை அதை 'வளர்' என்று படிக்கிறது,
உச்சந்தலை 'போதும்' என்று.
ஒரே நாளில் இல்லை.
ஒவ்வொரு முறை முளைக்கையிலும்
கொஞ்சம் மெலிந்து, கொஞ்சம் குட்டையாகி,
கடைசியில் வெறும் பூனைமுடி.

பிடரிக்கு?

அதற்குக் காது மந்தம்.
அங்கிருந்து எடுத்து எங்கே நட்டாலும்
அதே மந்தத்தோடு வளரும்.

சிரிக்காதீர்கள், ஊசி நகர்கிறது.
ஆயிரத்து நானூற்றுப் பதினேழு.
பதினெட்டு.

இரவு, குளியலறைக் கண்ணாடியில்
மூக்கு முட்ட நிற்கிறான் ஒர்ஹுன்,
போன மாதம் பதினைந்து முடிந்தவன்.
மேலுதட்டைக் காட்டி,
"ஒன்பது முளைச்சிருக்கும்மா!"

பார்த்தேன்.
பிறகு, கை தானாகப் போய்
அவன் நெற்றியின் இரு ஓரத்து முடியையும்
ஒதுக்கிப் பார்த்தது.

"என்ன?" என்றான்.

"ஒன்பது இல்லடா, பதினொன்று."
எண்ணுவதுதானே என் வேலை.